எழுத்தை அறியாமலே எழுத்தைச் சுருக்கும் ஸெட்லிப்

பள்ளியில் தமிழ்த் தேர்வு எழுதிய எவருக்கும் "பின்வரும் பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரைக" என்ற வினா நினைவிருக்கும். அந்தச் சுருக்கத்தில் உவமைகள் போகும், எடுத்துக்காட்டுகள் போகும், கருத்து மட்டும் நிற்கும். சுருக்கி எழுதிய விடையிலிருந்து மூலப் பத்தியை எவராலும் திரும்பப் பெற முடியாது. கணினி உரையைச் சுருக்கும்போது நடப்பது இதற்கு நேர்மாறானது. அங்கே ஒரு புள்ளியோ ஓர் இடைவெளியோகூட இழக்கப்படுவதில்லை. விரித்தவுடன் மூல உரை பைட்டுக்குப் பைட் அப்படியே திரும்பக் கிடைத்தாக வேண்டும். இதற்கு இழப்பில்லாச் சுருக்கம் என்று பெயர். படத்தையும் இசையையும் சுருக்கும்போது கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத நுணுக்கங்கள் சிலவற்றை விட்டுவிடலாம். உரையில் அப்படி விடுவதற்கு எதுவுமில்லை. 'கல்' என்பதில் புள்ளியை விட்டால் அது 'கல' ஆகிவிடும்.

சுருக்குதல் என்றாலே ஸிப் கோப்புதான் என்ற எண்ணம் நிரல் எழுதத் தொடங்கும் பலரிடம் இருக்கிறது. அதனால் கையிலிருக்கும் உரையை முதலில் வட்டில் ஒரு கோப்பாக எழுதி, அந்தக் கோப்பைச் சுருக்கி, சுருங்கிய கோப்பை மீண்டும் படித்து எடுத்துக்கொள்ளும் சுற்றுவழியை அவர்கள் மேற்கொள்கிறார்கள். அது தேவையில்லை. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நினைவகத்தில் உள்ள பைட்டுகளை ஒரு நூலகத்திடம் (ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல்களின் தொகுப்பிடம்) கொடுத்து, அதைவிடக் குறைவான பைட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். வட்டைத் தொடவே வேண்டியதில்லை. வலையில் அனுப்புவதற்கு முன்பும், தரவுத்தளத்தின் ஒரு புலத்தில் இடுவதற்கு முன்பும், அடிக்கடி தேவைப்படாத உரைகளை நினைவகத்திலேயே அடக்கமாக வைத்திருக்கவும் இது பயன்படுகிறது. இந்தக் கட்டுரை பைத்தான் நிரல்மொழியுடன் வரும் ஸெட்லிப் நூலகத்தை எடுத்துக்கொண்டு அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை விளக்குகிறது. மற்ற மொழிகளிலும் இதே நூலகம் வேறு பெயர்களில் கிடைப்பதால், இங்குச் சொல்வதில் பெரும்பகுதி அங்கும் பொருந்தும்.

முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, ஸெட்லிப்புக்கு எழுத்து தெரியாது என்பது. அதற்குத் தெரிந்தவை பைட்டுகள் மட்டுமே, அதாவது 0 முதல் 255 வரையிலான எண்களின் வரிசை. பைத்தானில் ஒரு சரத்தை, அதாவது எழுத்துகளின் தொடரை, நேரடியாகக் கம்ப்ரஸ் என்ற செயற்கூறிடம் கொடுத்தால், பைட் வடிவிலான பொருள்தான் வேண்டும், சரம் ஆகாது என்ற பிழைச்செய்தி வருவது அதனால்தான். சரத்தை என்கோட் என்னும் செயற்கூறு வழியாக, எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 குறியாக்கத்துக்கு மாற்றிய பிறகே சுருக்க முடியும். இந்த மாற்றத்தில் தமிழுக்கு என்ன நேர்கிறது என்பதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது, ஏனெனில் பின்னால் வருவதெல்லாம் இதில்தான் இருக்கிறது.

'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடுக்கு அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்கள். யூடிஎஃப்-8 ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணையும் மூன்று பைட்டுகளில் எழுதுகிறது. ஆக மொத்தம் 15 பைட்டுகள். அவற்றை எண்களாகப் பார்த்தால் த என்பது 224, 174, 164. ம என்பது 224, 174, 174. இகரக் குறி 224, 174, 191. ழ என்பது 224, 174, 180. புள்ளி 224, 175, 141. தமிழ் எழுத்து எதுவாயினும் முதல் பைட் 224 தான். இரண்டாவது பைட் 174 அல்லது 175, வேறொன்றும் வராது. உயிரெழுத்துகள், மெய்வரிசையின் எழுத்துகள், ஆகார, இகரக் குறிகள் ஆகியவை 174இன் கீழும், ஈகாரம் தொடங்கி மற்ற உயிர்க்குறிகளும் புள்ளியும் 175இன் கீழும் அமைகின்றன. எழுத்தை எழுத்திலிருந்து வேறுபடுத்தும் செய்தியில் பெரும்பகுதி மூன்றாவது பைட்டில்தான் இருக்கிறது. ஆங்கில எழுத்து ஒரே பைட்டில் அடங்கும்போது தமிழுக்கு மூன்று பைட்டுகள் ஆகின்றனவே என்ற ஆதங்கம் நெடுநாளாக உண்டு. அந்த மூன்றில் முதலிரண்டும் திரும்பத் திரும்ப வரும் ஒரே எண்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சுருக்கும் கருவிக்கு மிகவும் உகந்த இரை அதுதான்.

ஸெட்லிப்புக்குள் டிஃப்ளேட் என்ற முறை இயங்குகிறது. அது இரண்டு பழைய கருத்துகளின் சேர்க்கை. முதலாவது, இஸ்ரேலின் டெக்னியான் நிறுவனத்தைச் சேர்ந்த ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் ஸிவ் இருவரும் 1977இல் வெளியிட்டது. முன்பு வந்த ஒன்று மீண்டும் வந்தால் அதை மறுபடி எழுதாதே, முன்பு எங்கே வந்தது என்று மட்டும் சொல் என்பதுதான் அதன் சாரம். குழந்தைகளுக்கு நாப்பழக்கம் தர நாம் சொல்லும் தொடர் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: "யார் தைத்த சட்டை தாத்தா தைத்த சட்டை". யூடிஎஃப்-8இல் இது 95 பைட்டுகள். 'தாத்தா' வரையில் எழுதி முடித்த பின் மிச்சமிருப்பது ஓர் இடைவெளி, 'தைத்த', இன்னோர் இடைவெளி, 'சட்டை'. மொத்தம் 32 பைட்டுகள். இந்த 32 பைட்டுகளும் அதே வரிசையில் சற்று முன்னர்தான் வந்திருக்கின்றன. ஆகவே கருவி அவற்றை எழுதாமல், "51 பைட்டுகள் பின்னே சென்று அங்கிருந்து 32 பைட்டுகளை எடுத்துக்கொள்" என்ற ஒரு குறிப்பை எழுதிவிடுகிறது. அத்தகைய குறிப்புக்கு வழக்கமாக இரண்டு மூன்று பைட்டுகள் போதும்.

இப்படிப் பின்னோக்கிப் பார்ப்பதற்கு எல்லை உண்டு. டிஃப்ளேட் அதிகபட்சம் 32,768 பைட்டுகள்தான் பின்னால் பார்க்கும். தமிழ்க் குறியெண்களாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 10,900. அதற்கு முன்னால் வந்த சொல் எத்தனை முறை வந்திருந்தாலும் அது மறந்துபோனதற்குச் சமம். ஒரே குறிப்பில் எடுக்கக்கூடிய நீளம் குறைந்தது 3 பைட்டுகள், கூடினால் 258 பைட்டுகள். இந்த இரு எண்களும் தமிழுக்கென்றே அளவெடுத்தவை போல எதிர்பாராமல் பொருந்துகின்றன: 3 பைட் என்பது சரியாக ஒரு தமிழ்க் குறியெண், 258 பைட் என்பது சரியாக 86 குறியெண்கள். எனினும் கருவி எழுத்தின் எல்லையைப் பொருட்படுத்துவதில்லை என்பதை மறக்கக் கூடாது. ஓர் எழுத்தின் மூன்றாம் பைட்டில் தொடங்கி அடுத்த எழுத்தின் இரண்டாம் பைட்டில் முடியும் துண்டும் அதற்கு ஒரு பொருத்தம்தான்.

குறிப்பின் நீளம் அதன் தொலைவைவிடக் கூடுதலாக இருக்கலாம் என்பது தொடக்கத்தில் குழப்பம் தரும் ஒன்று. 'லலலலலல' என்பதில் முதல் ல எழுதப்பட்ட பின், "3 பைட் பின்னே சென்று 15 பைட் எடு" என்று எழுதலாம். பின்னால் இருப்பது மூன்றே பைட்டுகள்தாம். ஆனால் விரிக்கும் கருவி ஒவ்வொன்றாக எடுத்து எழுதிக்கொண்டே போவதால், தான் இப்போது எழுதியதையே அடுத்த நொடியில் எடுத்துக்கொள்ள அதனால் முடிகிறது.

இரண்டாவது கருத்து இன்னும் பழையது. 1951இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ராபர்ட் ஃபானோ தம் மாணவர்களுக்கு இறுதித் தேர்வு அல்லது ஒரு கட்டுரை என்ற தெரிவைக் கொடுத்தார். கட்டுரையைத் தேர்ந்த டேவிட் ஹஃப்மன், அடிக்கடி வரும் குறிக்குக் குறைந்த பிட்டுகளும் (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்) அரிதாக வருவதற்கு அதிக பிட்டுகளும் ஒதுக்குவதற்கான மிகச் சிறந்த வழியைக் கண்டுபிடித்தார். அது 1952இல் அச்சானது. தந்தி காலத்து மோர்ஸ் குறிகளில் அடிக்கடி வரும் எழுத்துக்கு ஒற்றைப் புள்ளியும் அரிய எழுத்துக்கு நீண்ட தொடரும் வைத்திருந்ததில் இதே எண்ணம் இருந்தது; ஆனால் ஹஃப்மன் தந்தது, எந்த உரையைக் கொடுத்தாலும் அந்த உரைக்கேற்ற குறிகளைக் கணக்கிட்டுத் தரும் முறை. தூய தமிழ் உரையின் பைட்டுகளில் மூன்றில் ஒன்று 224 என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். சாதாரணமாக 8 பிட் பிடிக்கும் அந்த எண்ணுக்கு, அதன் அடிக்கடி வருகையினால், ஹஃப்மன் முறையில் ஓரிரு பிட்டுகளே போதுமானவை. டிஃப்ளேட்டில், பின்னோக்கிய குறிப்புகளாக மாறாமல் தங்கிய பைட்டுகளும், அந்தக் குறிப்புகளின் நீளங்களும் தொலைவுகளும் ஆகிய அனைத்தும் இந்த இரண்டாம் சல்லடை வழியாகச் செல்கின்றன. மூன்று பைட் என்ற தமிழின் கூடுதல் சுமை, போதிய நீளமுள்ள உரையைச் சுருக்கும்போது பெரும்பாலும் கரைந்துபோவது இந்த இரண்டு படிகளாலும்தான்.

இவ்விரண்டையும் இணைத்த டிஃப்ளேட்டை வடிவமைத்தவர் ஃபில் கட்ஸ். ஜிஃப் படங்களில் பயன்பட்ட வேறொரு சுருக்கமுறைக்குக் காப்புரிமைச் சிக்கல் எழுந்திருந்த வேளையில், காப்புரிமைத் தடையற்ற பிஎன்ஜி படவடிவத்துக்காக ஜான்-லூ கேய்யி, மார்க் ஆட்லர் இருவரும் 1995இல் ஸெட்லிப்பை எழுதி வெளியிட்டனர். ஆட்லர் பின்னர் செவ்வாய்க்கு ஸ்பிரிட் ஊர்தியை அனுப்பிய திட்டத்திலும் முக்கியப் பொறுப்பு வகித்தவர். இன்று பிஎன்ஜி படங்களிலும், நிரல்களின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவி தன் களஞ்சியத்தில் வைக்கும் ஒவ்வொரு பொருளிலும் இந்தச் சுருக்கம்தான் இருக்கிறது.

செய்முறைக்கு வருவோம். சரத்தை யூடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றி, கம்ப்ரஸ் செயற்கூறிடம் கொடுத்தால் சுருங்கிய பைட்டுகள் கிடைக்கும். அவற்றை டீகம்ப்ரஸ் செயற்கூறிடம் கொடுத்து, வருவதை டீகோட் செய்தால் பழைய சரம் கிடைக்கும். நான்கே படிகள். கம்ப்ரஸ் செயற்கூறுக்கு 0 முதல் 9 வரை ஒரு நிலை எண்ணையும் கொடுக்கலாம். 0 என்றால் சுருக்காமல் அப்படியே பொதிந்து தரும், 1 விரைவு, 9 மிகுந்த முயற்சி, எதுவும் சொல்லாவிட்டால் 6. நிலை எண் கூடும்போது 32,768 என்ற எல்லை விரிவதில்லை. அந்த எல்லைக்குள் மேலும் நீண்ட பொருத்தம் கிடைக்குமா என்று கருவி எவ்வளவு பொறுமையாகத் தேடுகிறது என்பதே கூடுகிறது. ஆகையால் எந்த நிலையில் சுருக்கியதையும் விரிப்பதற்கு ஆகும் நேரத்தில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. என் கருத்தில், தொடக்கத்தில் 6ஐ மாற்றத் தேவையே இல்லை. 9க்குச் செலவாகும் நேரத்துக்கு உரையில் கிடைக்கும் கூடுதல் பயன் பெரும்பாலும் சிறியது.

கிடைக்கும் பைட்டுகளின் தொடக்கத்தில் இரண்டு பைட் தலைப்பும் முடிவில் நான்கு பைட் சரிபார்ப்பு எண்ணும் இருக்கும். வழக்கமான நிலையில் அந்தத் தலைப்பு 120, 156 என்று தொடங்கும்; பிழை தேடும்போது இந்த இரு எண்களை நினைவில் வைத்திருப்பது மிகவும் உதவும். ஜிஸிப் என்ற கோப்பு வடிவமும் உள்ளே இதே டிஃப்ளேட்டைத்தான் வைத்திருக்கிறது, ஆனால் அதன் தலைப்பு 31, 139 என்று தொடங்கும். ஒன்றுக்காக எழுதிய நிரலிடம் மற்றொன்றைக் கொடுத்தால் தலைப்பு சரியில்லை என்ற பிழை வருகிறது. தரவு கெட்டுவிட்டதோ என்று பலர் அஞ்சுவது இங்கேதான். முதல் இரண்டு பைட்டுகளைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

சுருங்கிய பைட்டுகள் உரை அல்ல. அவற்றை டீகோட் செய்து சரமாக்க முயல்வதும், உரைக்கென உள்ள புலத்தில் அப்படியே இடுவதும் தவறு. உரையாகத்தான் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், எந்தப் பைட்டையும் சாதாரண எழுத்துகளாக எழுதும் பேஸ்64 குறியாக்கத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் அது ஒவ்வொரு மூன்று பைட்டையும் நான்காக்குவதால், சுருக்கி ஈட்டியதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தவர்களாவோம்.

இனி, தொடக்கநிலையினர் ஏமாற்றம் அடையும் இடத்துக்கு வருகிறேன். வெற்றுச் சரத்தைச் சுருக்கினால் ஸெட்லிப் 8 பைட்டுகளைத் தருகிறது. ஒன்றுமில்லாததற்கே எட்டு பைட் என்றால், 'வணக்கம்' போன்ற 21 பைட் சொல்லைச் சுருக்குவதில் பயனில்லை என்பது விளங்கும். சுருக்கும் கருவிக்கு முன்பு வந்தது ஏதாவது இருந்தால்தான் திரும்ப வருவது என்று ஒன்று இருக்க முடியும். ஓர் அகராதிச் செயலியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆயிரக்கணக்கான பதிவுகள். ஒவ்வொன்றிலும் 'பெயர்ச்சொல்' அல்லது 'வினைச்சொல்' என்ற வகைப்பெயரும் 'எடுத்துக்காட்டு' என்ற தலைப்பும் வருகின்றன. 'பெயர்ச்சொல்' 33 பைட், 'எடுத்துக்காட்டு' 45 பைட். பதிவுகளைத் தனித்தனியே சுருக்கினால் ஒவ்வொரு முறையும் கருவி புதிதாகப் பிறந்த குழந்தையைப் போலத் தொடங்குகிறது. அந்த 33 பைட்டையும் 45 பைட்டையும் முதன்முறையாகக் காண்பதாகவே கருதி முழுவதும் எழுதுகிறது. நூறு பதிவுகளைச் சேர்த்து ஒரே கட்டாகச் சுருக்கினாலோ, முதல் பதிவுக்குப் பின் இச்சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு குறிப்பாகிவிடும். இதற்குக் கொடுக்க வேண்டிய விலை, ஒரு பதிவு வேண்டுமென்றாலும் அந்தக் கட்டு முழுவதையும் விரிக்க வேண்டும் என்பது. கட்டு எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பதைச் செயலி எத்தனை விரைவாக விடை சொல்ல வேண்டும் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

தனித்தனியாகவே சுருக்க வேண்டிய நிலை இருந்தால், அதற்கும் ஸெட்லிப்பில் ஒரு வழி உண்டு. பதிவுகளில் அடிக்கடி வரும் சொற்களைக் கோத்து முன்கூட்டியே ஒரு பைட் வரிசையாக்கி, கம்ப்ரஸ்ஆப்ஜ் என்ற செயற்கூறுக்கு அதை முன்சொல் தொகுதியாகக் கொடுக்கலாம். கருவி அந்தத் தொகுதியை ஏற்கெனவே பார்த்துவிட்டதாகக் கொண்டு தொடங்கும். முதல் பதிவிலேயே 'எடுத்துக்காட்டு' ஒரு குறிப்பாகிவிடும். மிக அதிகமாக வரும் சொற்களைத் தொகுதியின் இறுதியில் வைக்க வேண்டும், ஏனெனில் தொலைவு குறையக் குறையக் குறிப்புக்கான பிட்டுகளும் குறையும். விரிக்கும்போதும் அதே தொகுதி ஒரு பைட்கூட மாறாமல் கையில் இருந்தாக வேண்டும் என்பதால், அதைத் தரவுக்கு இணையான கவனத்தோடு காத்துவைக்க வேண்டும். பின்னாளில் ஒரு சொல்லைச் சேர்த்தால் பழைய பதிவுகள் எதுவும் விரியாது.

உரை மிகப் பெரியதாகவோ துண்டு துண்டாக வருவதாகவோ இருந்தால், முழுவதையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்க வேண்டியதில்லை. கம்ப்ரஸ்ஆப்ஜ் தரும் பொருளிடம் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே போகலாம். இதில் இரண்டு இடங்களில் தடுக்கி விழ வாய்ப்புண்டு. கடைசியில் ஃப்ளஷ் என்பதை அழைக்க மறந்தால், கருவி உள்ளே தேக்கி வைத்திருக்கும் பகுதி வெளியே வராது. விரிக்கும்போது தரவு பாதியில் நின்றுவிடும். மற்றது தமிழுக்கு மிகவும் நெருக்கமானது. துண்டு துண்டாக விரிக்கும்போது ஒரு துண்டு எங்கு முடியும் என்பதற்கு உறுதி இல்லை. 224, 174 வரை ஒரு துண்டிலும், மிச்சமுள்ள ஒரு பைட் அடுத்த துண்டிலும் வரலாம். ஒவ்வொரு துண்டையும் தனியே டீகோட் செய்தால் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். ஆங்கில உரையில் சோதித்துப் பார்க்கும்போது இந்தப் பிழை தலைகாட்டுவதே இல்லை, ஏனெனில் அங்கே ஒரு பைட் ஓர் எழுத்து. பைத்தானின் கோடெக்ஸ் நூலகத்தில், அரைகுறையாக வந்த பைட்டுகளை அடுத்த துண்டு வரும்வரை பிடித்துவைத்துக்கொள்ளும் படிப்படியான டீகோடர் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள், இல்லையேல் எல்லாத் துண்டுகளையும் ஒட்டிய பிறகே டீகோட் செய்யுங்கள்.

நினைவகத்தை மிச்சப்படுத்தத்தான் சுருக்குகிறோம் என்றால், எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பைத்தான் 3.3 முதல், தமிழ் கலந்த சரம் நினைவகத்தில் குறியெண்ணுக்கு இரண்டு பைட் வீதம் இடம் பிடிக்கிறது. முகக்குறி ஒன்று சேர்ந்துவிட்டால் முழுச் சரமும் நான்கு பைட் வீதமாகிவிடும். பத்து இலட்சம் தமிழ்க் குறியெண்கள் சரமாக 20 இலட்சம் பைட்டுகள், யூடிஎஃப்-8 ஆக 30 இலட்சம் பைட்டுகள். சுருக்கும் அந்தக் கணத்தில் சரம், அதன் பைட் வடிவம், சுருங்கிய வடிவம் ஆகிய மூன்றும் ஒருசேர நினைவகத்தில் இருக்கும். போதாக்குறைக்கு ஸெட்லிப் தன் வேலைக்கென ஏறத்தாழ 256 கிலோபைட் எடுத்துக்கொள்ளும். சரத்தையும் பைட் வடிவத்தையும் விட்டுவிட்ட பிறகுதான் மிச்சம் கண்ணுக்குத் தெரியும். சுருங்கிய உரைக்குள் சொல்லைத் தேட முடியாது என்பதும், ஏற்கெனவே சுருங்கிய படங்களையோ மறைக்குறியாக்கம் செய்த தரவையோ மேலும் சுருக்க முடியாது என்பதும் இதோடு சேர்த்து நினைக்க வேண்டியவை. மறைக்குறியாக்கமும் வேண்டுமென்றால் முதலில் சுருக்கிவிட வேண்டும்.

வெளியாரிடமிருந்து வரும் சுருங்கிய தரவை விரிப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஒரே பைட் மீண்டும் மீண்டும் வரும் தரவை டிஃப்ளேட் ஆயிரம் மடங்குக்கும் சற்று அதிகமாகச் சுருக்க வல்லது. எனவே ஒரு மெகாபைட்டாக வந்தது விரிந்ததும் ஒரு கிகாபைட்டாகி, நிரலை நிலைகுலையச் செய்யலாம். டீகம்ப்ரஸ்ஆப்ஜ் தரும் பொருளிடம் ஒரு முறையில் இவ்வளவுக்கு மேல் விரிக்காதே என்று உச்ச வரம்பைச் சொல்ல முடியும். அந்நியத் தரவை வரம்பின்றி விரிக்கும் நிரலை நான் முடிந்த வேலையாகக் கருதமாட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. 'கொ' என்பதை 'க'வுக்கு அடுத்து ஒகரக் குறி என ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். எகரக் குறி, ஆகாரக் குறி என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஸெட்லிப்புக்கு அவை வெவ்வேறு பைட் வரிசைகள். முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். ஒரே சொல் இரு வடிவங்களில் கலந்து வந்தால் பொருத்தங்கள் உடைந்து சுருக்கமும் குறைகிறது, விரித்த பிறகு தேடும்போதும் சொல் அகப்படாமல் போகிறது. சுருக்குவதற்கு முன் பைத்தானின் யூனிகோட்டேட்டா நூலகத்தைக் கொண்டு உரையை, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு ஒழுங்குபடுத்திவிட்டால் எல்லா 'கொ'வும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். மூல உரையை வந்தபடியே காக்க வேண்டிய ஆவணங்களில் மட்டும் இதைச் செய்யாமல், ஒழுங்குபடுத்திய படியைத் தேடலுக்கெனத் தனியே வைத்துக்கொள்ளலாம்.